ஈரம் துடைக்காத ஊறுகாய்

பொரித்த வெள்ளரி ஊறுகாய் இப்போது கொழும்பு வெள்ளவத்தைக் குசினிகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கெர்கின், அதாவது ஊறுகாய் போடும் சின்ன வெள்ளரி, போத்தலில் சுப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், அட்கின்ஸ் என்ற சிற்றூரில் பெர்னெல் ஆஸ்டின் என்பவர் 1963இல் தன் கடையில் விற்றுப் பிரபலமாக்கிய பண்டம் இது. கெர்கினும் நமக்கு அந்நியமில்லை. ஏற்றுமதிக்கென்று இலங்கையிலேயே விளைகிறது. தாராளமாகச் செய்து சாப்பிடுங்கள். தீக்காய வார்டில் வேலை பார்க்கும் தாதியாக நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மொறுமொறுப்பைக் கெடுப்பதும் கையைச் சுடவைப்பதும் ஒரே தண்ணீர்தான்.

வெள்ளரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். பொரிக்கும் எண்ணெயின் சூடு 175–180 பாகை செல்சியஸ். நீரோ 100 பாகையிலேயே ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. மாவுக்கு அடியில் சிக்கிய அந்த ஆவி பூச்சைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயும். பூச்சு கழன்று தாச்சியில் மிதக்கும், எண்ணெய் முன்னங்கையில் தெறிக்கும். சரியாகக் காயாத மோர்மிளகாயைப் பொரித்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

ஆகவே அவசரப்படாதீர்கள். ஊறுகாய் வில்லைகளை வடித்து, சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி வைத்து அமத்துங்கள். கால் மணித்தியாலம் அப்படியே கிடக்கட்டும். பிறகு வெறும் அரிசிமாவில் புரட்டுங்கள். மிச்ச ஈரத்தை அது இழுக்கும். அதன் பின்தான் கரைசல்: கோதுமை மா இரண்டு பங்கு, அரிசிமா ஒரு பங்கு, மிளகாய்த்தூள், மிளகு, குளிர்ந்த தண்ணீர். உப்பு வேண்டாம், ஊறுகாயில் இருப்பதே போதும். பிரஷர் உள்ளவர்கள் இரண்டு மூன்று வில்லையோடு எழும்பிவிடுவது நல்லது.

எண்ணெய் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். ஒரு சொட்டு மாக்கரைசல் விட்டால், உடனே நுரைத்து மேலே வந்தால் சரி. தாச்சியில் பாதிக்குக் கீழே எண்ணெய் நிற்கட்டும். வில்லையை மேலிருந்து போடாமல், எண்ணெய்க்குக் கிட்டக் கொண்டுபோய் உங்களுக்கு எதிர்ப்புறமாக வழுக்கிவிடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு போதும். கூடினால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். எடுத்ததைக் கம்பித் தட்டில் வையுங்கள். கடதாசியில் குவித்தால் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும்.

தெறிப்பதால் வருவது பெரும்பாலும் சின்னக் கொப்புளம். நான் பயப்படுவது, பொரித்து முடிந்ததும் சூட்டோடு தாச்சியைத் தூக்கிக்கொண்டு சிங்குக்கு நடப்பவர்களுக்குத்தான். தொடர்மாடிக் குசினியில் இரண்டு பேர் விலக இடமில்லை, காலடியில் பிள்ளை நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்வரை தாச்சி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். அடங்காவிட்டால் வெளியேறி, தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், காப்பு வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிப்போன துணியை மட்டும் இழுக்காதீர்கள். பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளை எல்லாம் பூசிக்கொண்டு வருகிறார்கள். காயத்தின் ஆழம் பார்க்க அதை நாங்கள் கழுவி எடுக்கவேண்டும், அந்த நோவு சுட்டதைவிட மோசம்.

முகம், கை, மூட்டு, அந்தரங்க உறுப்பு, அல்லது காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். குழந்தை என்றால் சின்னக் காயத்தையும் காட்டிவிடுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள். அது வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.