கேபினட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்

ஐப்பசி பிறந்ததிலிருந்து பாளையங்கோட்டையில் என் சர்வீஸ் மேஜைக்கு வரும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே புகார்தான். "கேம் ஓப்பன் பண்ணி கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது." கடைசியாக வந்தவர்கள் அம்பாசமுத்திரம் பக்கம், ஒரு கல்லூரித் தம்பியும் அவன் அப்பாவும். அறுபதாயிரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஐ5 12400எஃப் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிக் கதவு, கலர் கலராக எரியும் ஃபேன்கள். எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் கரண்டை மாற்றி உள்ளே எல்லாவற்றுக்கும் கொடுக்கும் பவர் சப்ளை டப்பா, அது மட்டும் கேபினட்டோடு சும்மா வந்தது. விண்டோஸ் கோளாறு என்று நினைத்து பையன் திரும்பத் திரும்ப ஃபார்மட் போட்டிருக்கிறான். கருகல் வாடை வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் மதர்போர்டும் போய்விட்டது.

"500 வாட்ஸ்னு போட்டிருக்கே அண்ணாச்சி" என்றார் அப்பா.

இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டப்பாவில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்ஸ் ஒரு கணக்கே இல்லை. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் போட்ட லேபிள் இருக்கும். அதில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அந்த 12 வோல்ட்டில்தான் இழுக்கின்றன. இவர்கள் கொண்டுவந்ததில் 16 ஆம்பியர், அதாவது 192 வாட்ஸ். 3060 கார்டு தனியாக 170 வாட்ஸ் வரை எடுக்கும். 12400எஃப் முழு வேகத்தில் ஓடினால் 117. ரெண்டும் சேர்ந்து 287. ஃபேனையும் டிஸ்க்கையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. லேபிளில் மற்ற வோல்ட்டுகளுக்குப் போட்டிருப்பதையும் இதே மாதிரி வாட்ஸாக்கிக் கூட்டிப் பார்த்தேன், அப்போதும் 500 வரவில்லை. நல்ல 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள், 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் பக்கம் இருக்கும்.

"80 பிளஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே" என்று அடுத்த கேள்வி வரும். வேண்டியதுதான். ஆனால் அது சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று. அதில் ப்ரான்ஸ் தரம் என்றால் பாதி லோடில் 85 சதவீதம், அவ்வளவுதான். ஓவர்வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். "யூபிஎஸ் இருக்கே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்ஸ்தான் தாங்கும். நல்ல கரண்ட் கொடுத்தாலும் மட்டமான எஸ்எம்பிஎஸ் அதைக் கெடுத்துத்தான் உள்ளே அனுப்பும்.

ப்ராசஸர் பெயர் மோகத்தையும் விட்டுவிடுங்கள். 'ஐ7' என்ற எழுத்துக்காக 2012இல் வந்த 3770ஐப் பழைய சாமான் விலைக்கு வாங்கி வருகிறார்கள். 2022இல் வந்த ஐ3 12100க்கும் அதே நாலு கோர்தான், ஆனால் வேகத்தில் 3770 அதன் பக்கத்திலேயே வராது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை, ஒரு சில மாடல்களைத் தவிர, விண்டோஸ் 11 ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்னொன்று: மாடல் நம்பர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும்.

ரேம் ஒரே 16 ஜிபியாக வேண்டாம், ரெண்டு எட்டாகப் போடுங்கள். விண்டோஸை எஸ்எஸ்டியில் போடுங்கள், ஹார்ட் டிஸ்க்கில் வேண்டவே வேண்டாம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்புறம் எர்த். ராதாபுரம், திசையன்விளை பக்கம் கோடையில் மண் காய்ந்து எர்த் குழி பேருக்குத்தான் இருக்கும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல. குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். சாக்கெட்டில் நுழையவில்லை என்று மூன்றாவது பின்னை வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். மேற்கே இடி முழங்க ஆரம்பித்தால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். ரௌட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். அந்த வழியாக வந்த மின்னல் லேன் போர்ட்டைத் தின்ற மதர்போர்டுகள் என் அலமாரியில் கிடக்கின்றன.

பட்ஜெட் இடிக்கிறதா? கண்ணாடிக் கதவையும் கலர் ஃபேனையும் விடுங்கள். அந்தக் காசில் நல்ல 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பில்லில் 'கேபினட் செட்' என்று ஒரே வரியாகப் போடவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி, மாடல், சீரியல் நம்பர் கேளுங்கள். நல்ல கம்பெனிகள் அதற்கு மூன்று முதல் ஐந்து வருடம் வாரண்டி தருகின்றன, சீரியல் நம்பர் இல்லாத பில்லைக் கொண்டுபோனால் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.