ஓடும்போது வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது?

ஆகஸ்ட் கடைசி வாரம் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் போனால், காவி உடுத்திய கூட்டம் வேளாங்கண்ணி நோக்கி இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கும். தஞ்சாவூரிலிருந்தே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வழியிலுள்ள மெடிக்கல்களில் "அண்ணே, கால்வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்ற குரல் ஓயாது. கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் ரெண்டை வெட்டி, கூடவே ஒரு கேஸ் மாத்திரையும் வைத்துக் கொடுப்பார். தஞ்சாவூர் புதாற்றங்கரையில் விடியற்காலையில் மாரத்தானுக்குப் பழகுகிறவர்களிலும் சிலர், வலி வருவதற்கு முன்பே ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்புவதுண்டு.

அது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். டைக்ளோஃபெனாக் டாக்டர் சீட்டு இருந்தால்தான் தரவேண்டிய மருந்து. யார் கேட்கிறார்கள்!

தசை நைந்த இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, வலி நரம்புகளை உசுப்பிவிடும். ஆஸ்பிரின் இதன் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. மேலே சொன்ன மாத்திரைகள் செய்வதும் அதே வேலைதான். சிக்கல் என்னவென்றால், புராஸ்டாகிளாண்டினுக்கு உடம்பில் வேறு வேலைகளும் உண்டு.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. ஓடத் தொடங்கினால் தொடைத் தசை பங்கு கேட்கும். வெயிலில் உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலும் கேட்கும். வியர்வையால் மொத்த இருப்பே குறைந்துகொண்டிருக்கும் நேரம் அது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மேல்மடைக்காரர்கள் எடுத்தது போக மிச்சம்தானே கடைமடைக்கு? சிறுநீரகம் அப்போது கடைமடை. அங்கே மதகைத் தூக்கிப் பிடித்து, வருகிற கொஞ்சத்தையாவது உள்ளே விடுவது புராஸ்டாகிளாண்டின்தான். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழைகிற நுண்குழாயை அது விரித்து வைக்கிறது. மாத்திரை போட்டதும் மதகு இறங்கிவிடும்.

"நான் வருஷக்கணக்கா போடறேன், ஒண்ணும் ஆகல" என்பவர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் குடித்து வீட்டில் இருக்கும் ஆரோக்கியமான ஆளின் சிறுநீரகம் புராஸ்டாகிளாண்டினை அதிகம் நம்பியிருப்பதில்லை. ஐந்தாறு மணி நேரம் வியர்த்த பிறகு நிலைமை வேறு. கூடவே, நைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, அதே வடிகட்டியில் வந்து சேரும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இதைப் பந்தயத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் வெளியான ஆய்வில், 80 கிலோமீட்டர் ஓடிய 89 பேரில் ஒரு பிரிவுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் இப்யூபுரூஃபெனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சிறுநீரகச் செயல்பாடு திடீரெனக் குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 52 விழுக்காடு, மற்றதில் 34. சின்ன ஆய்வுதான், எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மாத்திரையே இல்லாமல் மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுவார்கள். கலிஃபோர்னியாவின் 160 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடச் சுவாரசியம்: இப்யூபுரூஃபென் போட்டு ஓடியவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தசைவலியில் வித்தியாசமே தெரியவில்லை.

சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்பது உயிரினத்துக்கு உயிரினம் மாறும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, இந்தியாவில் அவற்றைக் கிட்டத்தட்ட அழித்தே விட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

சரி, கேஸ் மாத்திரை? அது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும். இரைப்பைப் புண்ணுக்கு நல்ல காப்பு. சிறுகுடலுக்கு அந்தக் காப்பு இல்லை, சிறுநீரகத்துக்கு அறவே இல்லை. ஓடும்போது குடலுக்கும் ரத்தம் குறைகிறது. இப்யூபுரூஃபென் போட்டு சைக்கிள் மிதித்தவர்களுக்குக் குடல் செல்கள் சேதமடைவது அதிகமானதை ரத்தப் பரிசோதனையே காட்டியிருக்கிறது.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றும் இருந்துவிட முடியாது. இந்த மாத்திரைகள் உடம்பு நீரை வெளியேற்றுவதையும் மட்டுப்படுத்துகின்றன. மேலும் மேலும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்; தலைசுற்றல், குமட்டல், முற்றினால் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம் மிதமிஞ்சிக் குடித்ததுதான். தாகத்துக்குக் குடித்தால் போதும். உப்புப் போட்ட நீர்மோர் என்றால் இன்னும் நல்லது.

பாராசிட்டமால் சிறுநீரகத்தை இந்த அளவு சீண்டாது. ஆனால் ஓட்டத்தில் ஏறிய சூட்டை அது இறக்காது. காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதைத் திருத்துகிறது. வெயிலில் ஏறிய சூட்டுக்கு நிழலும் தண்ணீரும் காற்றும்தான்.

டிரமடால் என்ற வலி மருந்து வேறு இனம். மூளையிலும் தண்டுவடத்திலும் வலியை அமுக்கும் ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து. இந்தியாவில் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஆறாவதாக வந்த நைரோ கின்டானாவின் ரத்தத்தில் இது இருந்ததால் அவர் முடிவை ரத்து செய்தார்கள். 2024 ஜனவரி முதல் எல்லா விளையாட்டுகளிலும் போட்டி நேரத்தில் தடை.

ஓட்டம் முடிந்த பிறகும் வலி மாத்திரை வேண்டும் என்றால், சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, சிறுநீர் வழக்கமான நிறத்தில் போன பிறகு, டாக்டரிடம் கேட்டுப் போடலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அப்போதும் தாங்களாகப் போடக் கூடாது.