கற்றுத் தருபவர் உங்களிடம் மட்டும்தான் பணம் வாங்குகிறாரா?

மனை வாங்கி முதலீடு செய்யக் கற்றுத் தருகிறவர், புதிதாக வருபவரிடம் கட்டணம் வாங்கலாமா? சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்து சொல்வது என் தொழில், அதற்கு நானே கட்டணம் வாங்குகிறேன். அதனால் தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டும்.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதில் 25,000 ரூபாய் கட்டிப் படித்த வகுப்பின் குறிப்புகள், அப்புறம் மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்துப் போட்ட கிரைய ஒப்பந்தம். "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு சார், 30 வருஷத்துக்கு ஒண்ணுமே இல்லை, எங்க மாஸ்டரே பார்த்துட்டார்" என்றார். ஒன்றுமில்லைதான். 1987இல் அப்பா வாங்கிய இடம், அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் பதியவே இல்லை, பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றில் பதியாதது எப்படி வரும்? பட்டா மகன் பெயரில் இருந்தது, பத்திரமோ இறந்துபோன அப்பா பெயரில். வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் இரண்டு அக்காக்கள், உயில் கிடையாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் போய்விட்டால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவர் பங்குதான் கைக்கு வரும்.

இடத்தைக் காட்டியது யார் என்று கேட்டேன். அதே மாஸ்டர். விற்பவரிடம் அவர் கமிஷன் பேசியிருந்தது பிறகு தெரிந்தது. அக்காக்களைப் பற்றி அவர் விசாரித்திருந்தால் வியாபாரம் நின்றிருக்கும், கமிஷனும் போயிருக்கும். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஒரு அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சம்மதித்தார், இன்னொருவர் மறுத்துவிட்டார். அட்வான்ஸில் பாதிதான் இதுவரை திரும்பியிருக்கிறது.

இலவசமாகக் கற்றுத் தருகிறோம் என்பவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். மண்டபத்தில் கூட்டம், மதியச் சாப்பாடு, அப்புறம் வேன் வைத்து நேரே லேஅவுட்டுக்கு. அந்தச் சாப்பாட்டுக்கும் வேனுக்குமான பணம் மனை விலையில்தான் ஏறி நிற்கும்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் பெற்றுக்கொண்டு வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பவரை, எந்தப் பெயரில் அழைத்தாலும், முகவர் என்றே சொல்கிறது. அந்தச் சட்டப்படி பதிய வேண்டிய திட்டத்தில் மனை விற்றுக்கொடுக்க அவர் முகவராகப் பதிந்திருக்க வேண்டும். குரு, மாஸ்டர், கோச் என்ற பெயரெல்லாம் அங்கே செல்லாது. அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள்.

எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வில்லங்க விவரமும், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும் பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கின்றன, பட்டா விவரம் வருவாய்த்துறை பக்கத்தில் இருக்கிறது, எதையும் பணம் கட்டாமலே பார்க்கலாம். எடுத்துக் காட்டுவதற்குக் கட்டணம் வேண்டாம். அந்தக் காகிதத்தில் எது இல்லை என்று கண்டுபிடிக்கக் கற்றுத் தந்தால் கேட்ட கட்டணத்தைக் கொடுங்கள், அது பல வருட உழைப்பில் வந்த அறிவு.

அந்தத் தம்பி வந்துபோன பிறகு என் ரசீதில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இந்தச் சொத்து தொடர்பாக வேறு யாரிடமும் நான் பணம் பெறவில்லை, பெறவும் மாட்டேன்.' உங்களுக்குக் கற்றுத் தருபவரிடமும் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கட்டணம் எவ்வளவு என்ற பேச்சுக்கே போகாதீர்கள்.