பால்வீதி விழுங்கிய கேலக்ஸிகள்: பயப்பட வேண்டுமா?

தொலைநோக்கியில் பொதுமக்களுக்கு வானம் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. முன்பெல்லாம் சனியின் வளையத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது அடிக்கடி வரும் கேள்வி: "நம்ம கேலக்ஸி பக்கத்து கேலக்ஸியை விழுங்குதாமே, அப்போ பூமி என்ன ஆகும்?" இரண்டு சுருள்கள் மோதித் தீப்பிழம்பாகும் வீடியோ ஒன்றை எங்கோ பார்த்திருப்பார்கள். விழுங்குவது உண்மைதான். தீப்பிழம்புதான் கற்பனை.

பால்வீதி ஒரே நாளில் உருவானதில்லை. சுமார் 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் கரும்பொருளின் இழுப்பில் வாயு ஆங்காங்கே திரண்டு விண்மீன்கள் பிறந்தன. அந்தச் சிறு திரள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துதான் நம் கேலக்ஸி வளர்ந்தது. இதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. ஒரே பெரிய வாயு மேகம் விரைவாகச் சுருங்கிப் பால்வீதி ஆனது என்று 1962இல் எகன், லிண்டன்-பெல், சாண்டேஜ் என்ற வானியலாளர்கள் மூவரும் எழுதினார்கள். 1978இல் சியர்லும் ஜின்னும் கோளக் கொத்துகளை (பந்து போல நெருக்கமாகத் திரண்ட பழைய விண்மீன் கூட்டங்களை) ஆராய்ந்துவிட்டு, வெளிப்பகுதி துண்டு துண்டாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள்.

1994இல் அப்படிச் சேர்ந்துகொண்டிருக்கும் ஒன்றே கண்ணில் பட்டது: தனுசு குறுங்கேலக்ஸி. பால்வீதி மையத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அதுவரை மறைந்தே இருந்தது. நம் ஈர்ப்பு அதைக் கிழித்து, அதன் விண்மீன்களை நீண்ட நாடாவாகப் பால்வீதியைச் சுற்றி இழுத்துவிட்டிருக்கிறது. 1778இல் பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே பார்த்துக் குறித்த எம்54 என்ற கோளக் கொத்து அந்தக் குறுங்கேலக்ஸியின் நடுப்பகுதியில் இருக்கிறது.

ஆனால் பெரிய கண்டுபிடிப்பு 2018இல்தான். ஐரோப்பாவின் கையா விண்கலம் அந்த ஏப்ரலில் 130 கோடிக்கும் அதிகமான விண்மீன்களின் தூரத்தையும் நகர்வையும் வெளியிட்டது. சூரியன் போன்றவை மையத்தை ஏறக்குறைய வட்டமாகச் சுற்றுகின்றன. வெளிப்பகுதி விண்மீன்களில் பெரும் கூட்டமோ மையத்தை நோக்கிப் பாய்வதும் வெளியே போவதுமாக, ஒடுங்கிய நீள்பாதைகளில் ஓடுகிறது. அப்புறம் வேதியியல். சிறிய கேலக்ஸியில் விண்மீன்கள் மெதுவாகப் பிறப்பதால், அங்கே உருவானவற்றில் இரும்போடு ஒப்பிட மக்னீசியம் குறைவாக இருக்கும். இந்தக் கூட்டத்தில் அதே குறைவு இருந்தது. அமினா ஹெல்மியின் குழுவும் பெலோகுரோவின் குழுவும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன், பால்வீதியைவிடச் சிறியதானாலும் கணிசமான கேலக்ஸி ஒன்று வந்து கலந்திருக்கிறது. அதற்குக் கையா-என்செலடஸ் என்று பெயர். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இந்தத் தரவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம் என்பதுதான். நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதும் இதே தரவை வைத்துத்தான்.

சரி, கலக்கும்போது விண்மீன்கள் முட்டிக்கொள்ளாதா? சூரியனைச் சின்ன எலுமிச்சம்பழமாக்கிச் சென்னையில் வைத்தால், அடுத்த விண்மீன் ஏறக்குறைய மும்பையில் இருக்கும். இவ்வளவு இடைவெளியில் இரண்டு கேலக்ஸிகள் ஊடுருவினாலும் விண்மீன்கள் நேருக்கு நேர் மோதுவது அரிதிலும் அரிது. வாயு மேகங்கள் மோதும். அங்கே புது விண்மீன்கள் பிறக்கும். சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. கையா-என்செலடஸ் வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் வெகு முன்பு.

விழுங்கப்பட்டதன் மிச்சத்தைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தே வழி இருக்கிறது. மே மாத இரவு 9, 10 மணிக்கு, விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்திலிருந்து தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்தைத் தேடுங்கள். வெறும் கண்ணுக்கு மங்கிய விண்மீன் போல, பைனாகுலரில் பஞ்சு போலத் தெரியும். இது பழைய கேலக்ஸி ஒன்றின் கரு என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

நமக்கு அருகிலுள்ள பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவோடு மோதல் என்கிறார்களே, அது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. மோதல் நிச்சயம், இன்னும் சுமார் 400 கோடி ஆண்டுகளில் என்று 2012இல் கணித்தார்கள். 2025இல் வந்த ஆய்வோ, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் மோத ஏறக்குறைய பாதி வாய்ப்புதான் என்கிறது. அதற்கு முன்பே, பால்வீதியைச் சுற்றியுள்ள சிறு கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகம் நம்மோடு கலந்துவிடலாம். 2019இல் போட்ட கணக்குப்படி சுமார் 240 கோடி ஆண்டுகளில். அடுத்த முறை "விரைவில் மோதல்" என்று வீடியோ வந்தால், எத்தனை கோடி ஆண்டு என்று சொல்கிறார்களா என முதலில் பாருங்கள்.