கண்ணுக்குக் கீழே வீக்கம், கோளாறு பல்லில்

"நாய் வாய் நாறாம மல்லிகப்பூவாட்டமா மணக்கும்?" என்று அம்மா கேட்டாள். மதுரைக்காரிக்கு எதற்கும் மல்லிகைதான் அளவுகோல். எங்கள் மணி, ஒன்பது வயதுப் பொமரேனியன், கொட்டாவி விட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகிற அளவுக்கு நாற்றம் வந்தும் இரண்டு வருடமாக இந்தப் பதிலிலேயே ஓட்டிவிட்டோம், நானும்தான். அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் வலது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் கண்ணைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலுதட்டைத் தூக்கிக் கடைவாயைத்தான் ஆராய்ந்தார்.

நாய்க்கு மொத்தம் 42 பற்கள், பூனைக்கு 30. நாயின் மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பெரிய கடைவாய்ப் பல்தான் கறியைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுவது. அதற்கு மூன்று வேர். அந்த வேர்களின் நுனி போய் முடிகிற இடம் கண்ணுக்குச் சற்றுக் கீழே. அங்கே சீழ் கட்டினால் அது வெளியேற வழி தேடிக் கன்னத்தில் வீங்கி, சில சமயம் தோலைத் துளைத்துக்கொண்டு வடியும். இதைப் பார்த்துவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நாங்களும் குளவியைத்தானே திட்டிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் ஆரம்பிப்பது ஒரு வழுவழுப்பில். தெப்பக்குளத்துப் படியில் தண்ணீர் தொடுகிற இடத்தில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு வெறும் கல்லாகத்தான் தெரியும், கால் மட்டும் வழுக்கும். பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே அதன்மேல் அப்படியொரு பாசி படியத் தொடங்குகிறது. பாக்டீரியாக்களும் எச்சிலில் உள்ள புரதமும் சேர்ந்து ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம் அது. இந்த நிலையில் விரலில் துணி சுற்றித் தேய்த்தாலே போய்விடும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளில் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கல்லாக இறுகிவிடும். அதுதான் காறை. நம் ஊர் போர் தண்ணீர் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து, எத்தனை தேய்த்தாலும் போகாமல் நிற்குமே, கிட்டத்தட்ட அதே கதை. (ஆனால் காறைக்கான சரக்கு வருவது எச்சிலிலிருந்து. அதனால் நாய்க்குக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பிரயோஜனமில்லை.)

நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நமக்கு வருகிற மாதிரி சொத்தை அதற்கு அவ்வளவாக வருவதில்லை, பதிலுக்குக் காறை வேகமாகப் படிகிறது. எச்சில் சுரப்பியின் வாய் ஒன்று கன்னத்தின் உள்பக்கம், மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேராகத் திறக்கிறது. அங்கேதான் காறை தடிமனாக இருக்கும். உங்கள் வீட்டு நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

அந்த மஞ்சள் காறையைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறோம். அது அசிங்கம்தான், ஆனால் முக்கியக் குற்றவாளி அதுவல்ல, ஈறுக்கு அடியில் இறங்கிவிட்ட கிருமிப் படலம். அந்தக் கிருமிகளை அடக்க உடம்பு அனுப்பும் படையே, கூட நின்றவனையும் சேர்த்து அடிக்கிற மாதிரி, பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. ஈறு சிவந்து வீங்கிய கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும், எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் போனது போனதுதான். பொமரேனியன் மாதிரிச் சின்ன ஜாதிகளுக்கு இதில் கூடுதல் துரதிர்ஷ்டம், சின்னத் தாடைக்குள் பல் நெருக்கியடித்து நிற்பதால் இடுக்கெல்லாம் அழுக்கு தங்கும். கீழ்த்தாடையும் மெலிசு. எலும்பு ரொம்பக் கரைந்துவிட்டால் லேசாக இடித்தாலே தாடை உடைந்த நாய்களும் உண்டு.

நாங்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான். ஒரு வருடம் முன்னால், நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் ஒரு கடையில், "மயக்க ஊசியெல்லாம் எதுக்கு சார், பத்து நிமிஷத்துல பளிச்சுன்னு ஆக்கிருவோம்" என்றார்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இரும்புக் கொக்கியால் சுரண்டினார். பல் பளிச்சென்றுதான் ஆனது. சுவரில் ஓதம் ஏறியிருக்கும்போது மேலே பெயிண்ட் அடித்தால் ஒரு சீசன் நன்றாகத்தானே இருக்கும். கொக்கி கீறிய நுண்ணிய கோடுகளில் அடுத்த படலம் இன்னும் சௌகரியமாக ஒட்டிக்கொண்டது, ஈறுக்கு அடியில் நடந்ததை யாரும் தொடவே இல்லை.

"வயசான நாய் டாக்டர், மயக்கம் இல்லாம முடியாதா?" என்று இவரிடமும் கேட்டேன். "உங்களை ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஈறுக்குள்ள கம்பி விட்டா வாயைத் தொறந்து வச்சிருப்பீங்களா?" என்றார். சரி, நியாயம்தான். ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் ஈரலும் மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்த்தார், முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார். மறுநாள் என்னைக் கதவோரம் நிற்க விட்டார்.

முதலில் காலில் டிரிப்ஸ், அப்புறம் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப். அதன் முனையில் சின்ன பலூன் மாதிரி ஒன்றை ஊதி அடைக்கிறார்கள். மயக்கம் கொடுப்பதில் பாதிப் புண்ணியம் இந்த அடைப்பில் இருக்கிறது என்று சொல்வேன். ஏனென்றால் ஸ்கேலர் என்கிற கருவி நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காறையை உடைக்கிறது, அந்தச் சூடு பல்லின் உயிர்ச்சதையைப் பொசுக்காமல் இருக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. கிருமி கலந்த அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்? முழித்திருக்கும் நாய்க்கு அந்தத் தடுப்பு கிடையாது. நாக்கில் கிளிப் மாட்டி ஆக்சிஜனைப் பார்த்தபடி இருந்தார்கள், நனைந்த சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று போர்வையும் சுற்றியிருந்தார்கள்.

நான் மறக்காதது ஒரு மெல்லிய கம்பி. நுனியில் மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை விட்டு ஆழம் பார்க்கிறார்கள். நாய்க்கு 3 மி.மீ. வரை சரி, பூனைக்கு 1 மி.மீ. தாண்டினாலே சந்தேகம். மருத்துவர் ஒவ்வொரு பல்லாகச் சொல்லச் சொல்ல உதவியாளர் தம்பி அட்டையில் குறித்துக்கொண்டே வந்தார்: ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு. வலது கடைவாய் வந்ததும் கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "எட்டு." எழுதிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார். எக்ஸ்ரேயில் ஒரு வேரைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. வெளியே அந்தப் பல் ஆடக்கூட இல்லை!

மூன்று வேர்ப் பல்லை அப்படியே பிடுங்க முடியாது. முதலில் அந்த நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி, அப்புறம் டிரில்லால் பல்லை மூன்று துண்டாக அறுத்து ஒவ்வொரு வேராக நெம்பி எடுத்துவிட்டு, ஈறை இழுத்துத் தானாகக் கரையும் நூலால் தைத்தார். மீதிப் பற்களின் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, கடைசியாக ரப்பர் கிண்ணியில் பசை வைத்துப் பாலிஷ். இது அழகுக்கு இல்லை. ஸ்கேலர் விட்ட கீறலை வழித்துவிட்டால் படலம் ஒட்டக் கொஞ்சம் சிரமப்படும்.

பூனை வேறு ரகம். எதிர்வீட்டு அக்காவின் பூனை தட்டைக் கண்டதும் ஓடிவந்து, ஒரு வாய் கடித்துவிட்டுச் சீறிக்கொண்டு பின்வாங்கும். "திமிரு" என்றார் அக்கா. திமிர் இல்லை, பூனைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு கோளாறு, உடம்பின் செல்களே பல்லை அரித்துத் தின்றுவிடுகின்றன. ஏன் என்பதற்கு இன்னும் முழு விடை கிடையாது. பெரும்பாலும் அடைத்துச் சரிசெய்ய முடியாது, எக்ஸ்ரே பார்த்து எடுத்துவிடுவதுதான். பூனைக்கு வலி என்றால் கத்தாது, ஒளிந்துகொள்ளும். அதன் வாயை ஸ்பிரிங் வைத்த பிடியால் அகலத் திறந்து வெகுநேரம் வைக்கவும் கூடாது. மூளைக்கும் விழித்திரைக்கும் ரத்தம் போகும் குழாய் தாடையோரம் அழுந்தி, மயக்கம் தெளியும்போது பார்வை போயிருந்த பூனைகள் உண்டு.

கறிக்கடைக்காரர் பிரியமாகத் தூக்கிப் போடும் நல்லி எலும்பும் கடைவாய்க்கு எதிரிதான், பல்லின் பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்துவிடும். நகத்தால் அழுத்திப் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். நம் பேஸ்டும் வேண்டாம், நாய் துப்பாது, விழுங்கும். சில பேஸ்ட்டில் இருக்கும் சைலிட்டால் இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைக் கவிழ்த்து உயிருக்கே உலை வைக்கும். நாய்களுக்கென்று கோழி வாசனையில் பேஸ்ட் விற்கிறது. காறை இறுக இரண்டு மூன்று நாள் போதும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்ப்பது கணக்கில் வராது, தினமும், பல்லின் வெளிப்பக்கம் மட்டும் அரை நிமிடம் தேய்த்தால்கூட நல்லது.

மணி மூன்றாம் நாளே தயிர்சாதத்துக்குச் சண்டை போட்டான். எடுத்த மூன்று துண்டையும் மருத்துவர் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார். அம்மா அதைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டு வேரா," என்றாள். அப்புறம், சாணியில் உருட்டிக் கூரைமேல் போடச் சொன்னாள். அது பால் பல்லுக்குத்தானம்மா என்றேன், கேட்கவில்லை. எங்கள் வீடு மொட்டை மாடி. மூன்று உருண்டையும் தண்ணீர்த் தொட்டியோரம் காய்ந்து கிடக்கின்றன.