ஊசி இல்லாத தடுப்பூசி

தடுப்பூசி என்ற சொல்லிலேயே ஊசி இருக்கிறது. அகமதாபாத்தின் சைடஸ் கெடிலா நிறுவனம் கோவிட்டுக்காக உருவாக்கிய ஜைக்கோவ்-டிக்கோ ஊசியே கிடையாது. 2021 ஆகஸ்ட் 20 அன்று இந்தியா அதை அவசரகாலப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. மனிதர்களுக்கு ஒப்புதல் கிடைத்த உலகின் முதல் டிஎன்ஏ தடுப்பூசி அதுதான்.

மருந்தில் இருப்பது பிளாஸ்மிட், அதாவது வளையல் போல முனையில்லாத டிஎன்ஏ. பாக்டீரியாக்களுக்குள் இயல்பாகவே காணப்படுவது. அதில் கொரோனாவின் மேற்பரப்பில் முள்போல நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவைச் செருகி, ஈ.கோலை பாக்டீரியாவில் பெருக்கிப் பிரித்தெடுக்கிறார்கள். வைரஸை வளர்க்கும் வேலையே இல்லை.

சரி, இவ்வளவு சுலபமென்றால் ஏன் இத்தனை தாமதம்? எலியின் தசையில் வெறும் டிஎன்ஏவைச் செலுத்தினாலே செல்கள் அதைப் படித்துப் புரதம் செய்யும் என்பது 1990-லேயே தெரியும். 2005-இல் அமெரிக்காவில் குதிரைகளுக்கு வெஸ்ட் நைல் வைரஸுக்கு எதிரான டிஎன்ஏ தடுப்பூசி வந்தேவிட்டது. மனித உடலில் மட்டும் எதிர்ப்பாற்றல் மந்தமாகவே கிளம்பியது. மரபணுச் செய்தியின் நகலான எம்ஆர்என்ஏ செல்லுக்குள் நுழைந்தால் போதும், புரதத் தயாரிப்பு தொடங்கிவிடும். டிஎன்ஏ இன்னொரு சவ்வையும் தாண்டி உட்கருவுக்குள் போயாக வேண்டும். அங்கே எம்ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, அந்தப் படி வெளியே வந்தால்தான் ஸ்பைக் உருவாகும். பெரும்பாலான பிளாஸ்மிட்கள் வழியிலேயே சிதைந்துபோகும்.

ஜைக்கோவ்-டி தசையை விட்டுத் தோலைப் பிடித்தது. அந்நியப் பொருளைக் கண்டதும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவல் சொல்லும் செல்கள் தோலில் நிறைய உண்டு. ஸ்பிரிங் விசையில் இயங்கும் கருவி ஒன்று மருந்தை மெல்லிய தாரையாகத் தோலுக்குள் பீய்ச்சுகிறது. கைக்கு ஒன்றாக இரண்டு பீய்ச்சல், 28 நாள் இடைவெளியில் மூன்று தவணை. என் கணக்கில் இந்தத் தடுப்பூசியின் கெட்டிக்காரத்தனம் பாதி அந்தக் கருவியில்தான்.

'நம் மரபணுவோடு கலந்துவிடாதா?' என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தப் பிளாஸ்மிட்டால் மனித செல்லில் தன்னைப் பெருக்கிக்கொள்ள முடியாது. நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்வதற்கான கருவியும் அதனிடம் இல்லை. கொஞ்ச காலத்தில் செல்லே அதைச் சிதைத்துவிடுகிறது.

சுமார் 28,000 பேரிடம் நடந்த சோதனையின் இடைக்கால முடிவில் செயல்திறன் 66.6 சதவீதம். டிஎன்ஏ உறுதியான மூலக்கூறு என்பதால் 25 டிகிரியிலும் மூன்று மாதம் தாங்கும் என்றது நிறுவனம். மத்திய அரசு ஒரு கோடி தவணைக்கு ஆர்டர் கொடுத்தது. விலை, வரி நீங்கலாக, தவணைக்கு 358 ரூபாய். அதில் 93 ரூபாய் பீய்ச்சும் கருவிக்கு. ஆனால் 2022 பிப்ரவரியில் பாட்னாவில் அதைப் போடத் தொடங்கியபோது, நாட்டின் பெரியவர்களில் பெரும்பாலோர் வேறு தடுப்பூசியை இரண்டு தவணையும் முடித்திருந்தார்கள்.