சந்தை கலையும் நேரமும் ஒப்பந்தம் முடியும் நேரமும்

டிசம்பர் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாதிப் பேர் விடுமுறைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தின் பக்கம் கிடங்குகளும் லாரிகளும் வைத்து நடத்தும் ஒரு நிறுவனத்தின் நிதி மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த தம்பி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, எங்கள் கிடங்கு மென்பொருளின் ஒப்பந்தம் 31ஆம் தேதி முடிகிறது. அவர்களுக்கும் அன்றுதான் கணக்காண்டு முடிவு. வேண்டுமென்றேதான் இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது போய் நெருக்கினால் பாதி விலைக்கு இறங்கிவிடுவார்கள், இல்லையா?"

ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன். 46 பக்கம். 31ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில், நான் எதிர்பார்த்த பத்தி இருந்தது. முடிவுத் தேதிக்கு 90 நாள் முன்பாக எழுத்து மூலம் வேண்டாம் என்று தெரிவிக்காவிட்டால், ஒப்பந்தம் அதே எண்ணிக்கைக்கு, அன்றைய பட்டியல் விலையில், இன்னும் ஓராண்டுக்குத் தானே நீளும். டிசம்பர் 31க்கு 90 நாள் முன்பு என்றால் அக்டோபர் 2. தம்பி பேரம் பேசக் காத்திருந்த ஒப்பந்தம் பத்து வாரத்துக்கு முன்பே புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

இதைச் சொன்னதும் மறுமுனையில் பேச்சே இல்லை. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது எழுப்பும் பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

மென்பொருள் ஒப்பந்தம் பற்றிக் கேட்டு என்னிடம் வருகிறவர்களில், பன்னிரண்டு மாதத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர் இவர் நான்காவது. ஆகவே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

கடைசி நாள் வரை இழுத்தடித்தால், கணக்காண்டு முடிவதற்குள் விற்றுக் காட்டும் அவசரத்தில் விலை தானாக இறங்கும் என்ற நம்பிக்கையை முதலில் கவனிப்போம். ஆரக்கிளுக்கு மே 31, மைக்ரோசாஃப்டுக்கு ஜூன் 30, எஸ்ஏபிக்கு டிசம்பர் 31, சேல்ஸ்ஃபோர்ஸுக்கு ஜனவரி 31 என்று கணக்காண்டு முடியும் தேதிகளை மந்திரம்போல ஒப்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதிகள் சரிதான். அவற்றை வைத்துப் போடும் கணக்குத்தான் தப்பு.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் மாமியார் என்னை வார்விக் காலைச் சந்தைக்கு அழைத்துப்போனார். கீரை வாங்க வேண்டுமானால் சந்தை கலையும் நேரத்தில் போ என்பது அவருடைய பாடம். வெயில் ஏறிவிட்டால் கீரைக்காரிக்கு இரண்டே வழி. நம்மிடம் வந்த விலைக்குக் கொடுக்க வேண்டும், அல்லது வாடியதைக் கொட்டிவிட்டுப் போக வேண்டும். நாமோ கீரை இல்லாவிட்டால் பருப்போடு சாப்பிட்டுக்கொள்வோம். விலை இறங்குவதற்குக் காரணம் நேரம் மட்டும் அல்ல. சரக்கு அவளிடம் வாடுகிறது, நமக்கு வேறு சாப்பாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த விலை.

மென்பொருள் வாடாது. ஜனவரி 1ஆம் தேதி காலையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விற்றவருக்கு ஒரு காலாண்டு அறிக்கையில் ஓர் எண் குறையும். அடுத்த வாரமே அது வேறொரு காலாண்டில் வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் கிடங்கிலோ திரை திறக்காது, எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, லாரிகள் வாசலில் வரிசை கட்டும். கடைசி நாளில் வாடுவது நீங்கள்தான். சந்தா முடிந்தால் பயன்படுத்தும் உரிமையும் முடிந்தது. பழைய நிரந்தர உரிமம் என்றால் ஆதரவுச் சேவை மட்டும் நிற்கும், மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளலாம். சந்தாக்காரருக்கு அந்த வசதியும் கிடையாது.

நானும் ஐந்து ஆண்டுகள் மேசையின் அந்தப் பக்கம், விற்பவர்களோடு உட்கார்ந்திருந்தவள். எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும்: எந்த வாடிக்கையாளர், எந்தத் தேதி, எவ்வளவு. முடிவுக்கு 60 நாள் இருக்கும்போதும் சத்தம் போடாத வாடிக்கையாளரைப் பச்சை நிறத்துக்கு மாற்றிவிடுவோம். பச்சை என்றால் பணம் வந்த மாதிரி, அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் பதுங்கியிருப்பதாக நினைக்கும் நாள்களில் அங்கே நீங்கள் பச்சையாக இருக்கிறீர்கள். தள்ளுபடி கேட்டு மேலிடத்துக்கு மனுப்போடுவதெல்லாம் கைவிட்டுப் போகக்கூடிய வாடிக்கையாளருக்காக மட்டுமே.

கணக்காண்டு முடிவு உதவவே உதவாதா? உதவும். புதிதாக எதையாவது வாங்கும்போது உதவும். ஏழெட்டு மாதம் முன்பே மாற்று மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, ஒரு கிளையில் ஓட்டியும் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில் விலையை மட்டும் பேசினால் நன்றாகவே உதவும். கிடங்கு மென்பொருளை மாற்ற ஒன்பது மாதம் ஆகும் என்பது விற்பவருக்கும் தெரியும். டிசம்பர் பாதியில் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மிரட்டினால் அவர் மரியாதைக்காகத்தான் சிரிக்காமல் இருப்பார். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், ஒரே கணினியைப் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை வாங்கியது. டிசம்பரிலேயே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. அப்போது என்னிடம் வந்தவர்களில் மாற்று ஒன்றை ஏற்கெனவே சோதித்துவைத்திருந்தவர்கள் நிதானமாகப் பேசினார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்தது சட்டம். "இருபது நாள் நோட்டீஸ் கொடுத்து எந்த ஒப்பந்தத்தையும் முறிக்கலாம், சட்டமே இருக்கிறது" என்று தம்பியும் சொன்னார். சட்டம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 14ஆம் பிரிவு. உங்கள் கைப்பேசிச் சந்தாவுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் 20 வேலைநாள் நோட்டீஸ் போதும்; ஒப்பந்தம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவர்கள் கடமை. ஆனால் அதே பிரிவின் முதல் வரி, இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது என்று விலக்கிவைக்கிறது. நிறுவனம் பெரியதா சிறியதா என்ற பேச்சே இல்லை. உங்கள் 31ஆம் பக்கம்தான் உங்களுக்குச் சட்டம். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவரைக் காப்பாற்ற ஒருவரும் வரமாட்டார்கள்.

இனி எண்ணிக்கை. தம்பியின் நிறுவனம் 412 பேருக்கு உரிமம் வைத்திருந்தது. கடைசி 90 நாளில் உள்நுழைந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். தெரியாது என்றார். கணினிப் பிரிவில் ஒரு பெண் அரை மணி நேரத்தில் எடுத்துக்கொடுத்தார்: 287. மீதி 125 பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பயிற்சி 1 முதல் பயிற்சி 12 வரை பன்னிரண்டு பொய்க் கணக்குகள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெயரிலும் பின்பு ஒரு பெயரிலுமாக ஒரே பெண்ணுக்கு இரண்டு உரிமங்கள். மூடிவிட்ட பைன்டவுன் கிளையின் ஆட்கள் மொத்தமும். பட்டியலின் நடுவில் ஒரு பெயரைக் கண்டதும் தம்பி நிறுத்தினார். ஏப்ரல் மாதம் காலமான மேற்பார்வையாளர். அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குத் தம்பியே போய்வந்திருக்கிறார். அந்த மனிதர் பெயரில் இன்னும் சந்தா ஓடிக்கொண்டிருந்தது.

மேகக்கணியில், அதாவது விற்றவர் இணையம் வழியே நடத்தும் கணினிகளில், ஓடும் மென்பொருளாக இருந்தால் யார் உள்நுழைகிறார்கள், யார் நுழைவதில்லை என்பது விற்றவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். 125 பேர் பயன்படுத்தவில்லை என்று அவர் தானாக வந்து சொல்வார் என்று காத்திருக்காதீர்கள்.

தள்ளுபடி விஷயத்திலும் இதே ஏமாளித்தனம். மூன்று ஆண்டுக்கு முன்பு பட்டியல் விலை தலைக்கு 10,000 ராண்டு. 45 சதவீதம் தள்ளுபடி. 5,500க்கு வாங்கினோம் என்று அப்போது அலுவலகத்தில் கேக் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தள்ளுபடி அடுத்த புதுப்பிப்புக்கும் உண்டு என்று ஒரு வரிகூட ஒப்பந்தத்தில் இல்லை. இப்போது பட்டியல் விலை 11,500. தள்ளுபடி பூஜ்யம். 22,66,000 ராண்டு கட்டிவந்த இடத்தில் 47,38,000. இதில் ஆளில்லாத 125 உரிமங்களுக்கு மட்டும் 14,37,500. அதனால் சொல்கிறேன், சதவீதத்தைக் கேட்டு மயங்காதீர்கள். புதுப்பிக்கும்போது விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, எண்ணிக்கையைக் குறைத்தாலும் தலைவிலை மாறக்கூடாது என்ற இரண்டு வரிகளை முதல் கையெழுத்தின்போதே கேட்டு வாங்குங்கள். புதிய வாடிக்கையாளருக்கு அவற்றைக் கொடுப்பார்கள். பழையவருக்கு மாட்டார்கள்.

எதை எண்ணுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஆரக்கிள் 2023 ஜனவரியில் பல மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் ஜாவாவின் சந்தாவை ஊழியர் எண்ணிக்கைக் கணக்குக்கு மாற்றியது. 999 ஊழியர் வரை தலைக்கு மாதம் 15 டாலர் பட்டியல் விலை. ஊழியர் என்றால் ஜாவாவைத் தொடுகிறவர் என்று பொருள் அல்ல. முழுநேரம், பகுதிநேரம், தற்காலிகம், உங்கள் உள்வேலைக்கு உதவும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உட்பட எல்லோரும். 600 பேர் உள்ள நிறுவனத்தில் இருபதே கணினிகளில் அது ஓடினாலும், கணினியையே தொடாத லாரி ஓட்டுநரையும் மூட்டை தூக்குபவரையும் சேர்த்து ஆண்டுக்கு 1,08,000 டாலர். ஜாவாவின் கட்டணமில்லாத பதிப்புகளான ஓபன்ஜேடிகே விநியோகங்கள் இருக்கும்போது ஏன் இதில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது.

டாலர் என்றதும் ராண்டு. 2021இல் ஒரு டாலர் ஏறக்குறைய 15 ராண்டு. 2023 மே மாதத்தில் 19ஐத் தாண்டியது. 2 இலட்சம் டாலர் தவணை 30 இலட்சம் ராண்டிலிருந்து 38 இலட்சமாக ஆனது. விற்றவர் ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை. ராண்டில் விலை கேளுங்கள். தரவில்லை என்றால், பிறகு வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலையை முடிவுசெய்யும் முன்பேரத்தை வங்கியில் போட்டுவையுங்கள். பிறகு அமைச்சரையும் ரிசர்வ் வங்கியையும் திட்டிப் பயனில்லை.

பேசுவது ஒரே வாயாக இருக்கட்டும். கொள்முதல் பிரிவு இங்கே முகத்தைக் கல்லாக்கி உட்கார்ந்திருக்கும். அங்கே உம்லங்காவில் மதியச் சாப்பாட்டின்போது கணினிப் பிரிவுத் தலைவர், "இது இல்லாமல் எங்களால் ஒரு நாள் ஓட்ட முடியாது" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார். முடிந்தது. அந்தச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தது யார் என்றாவது யோசிக்க வேண்டாமா? புதுப்பிப்புக்குச் சில மாதம் முன்பு, உரிமத்துக்கு மேல் பயன்படுத்துகிறீர்களா என்று பார்க்க விற்றவரிடமிருந்து தணிக்கைக் கடிதம் வந்தால், பதறி அவர்கள் அனுப்பும் எண்ணும் நிரலை அன்றே ஓட்டாதீர்கள். தணிக்கைப் பத்தியில் எத்தனை நாள் அவகாசம் என்று பாருங்கள். ஆரக்கிளின் வழக்கமான ஒப்பந்தத்தில் 45 நாள். அதற்குள் நீங்களே எண்ணி, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, பிறகு கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 24, மரபு நாள் விடுமுறையன்று ஊரே அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டும். நம்மில் பலர் புரட்டாசி விரதம் என்று கத்தரிக்காயோடு உட்கார்ந்திருப்போம். கை சும்மாதானே இருக்கிறது? அன்றைக்கு ஒப்பந்தங்களை எடுத்து நோட்டீஸ் பத்தியைப் படித்துவிடுங்கள். டிசம்பர் 31இல் முடிபவற்றுக்கு இன்னும் எட்டு நாள் மிச்சம் இருக்கும். மற்ற மாதங்களில் முடிபவற்றை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு இந்த ஆண்டு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. பணத்தை நான்கு தவணையாகக் கட்ட ஒத்துக்கொள்ள வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் ஜனவரியில் அலுவலகம் திறந்த முதல் நாள் காலையிலேயே அடுத்த ஆண்டுக்கு வேண்டாம் என்ற கடிதத்தை அவர் அனுப்பிவிட்டார், ஒன்பது மாதம் முன்னதாக. மூன்று ஆண்டாக ஒரு தடவைகூட அழைக்காத விற்பனை மேலாளர் அன்று மதியத்துக்குள் இரண்டு முறை அழைத்தாராம், ஏதாவது குறையா என்று கேட்டு.

"என்ன சொல்லட்டும், அக்கா?"

"ஒன்றும் சொல்லாதீர்கள். முதலில் அந்த 125 பெயரையும் நீக்கி முடியுங்கள்."